அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே
(மஹல்லாவில் சிறுவர் விளையாட்டு - ஒரு பாடம்)

ஸூரத்து யூஸுஃபின் வரலாற்றைக் கேளாத முஸ்லிம் இல்லம் இராது. கனவும், கிணறும், சட்டையும், சிறைச்சாலையும் நம் வீட்டுச் சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்தவை. ஆனால் அந்த வரலாற்றின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு உரையாடலை நாம் விரைந்து ஓதிக் கடந்து விடுகிறோம். யூஸுஃப் (அலை) அவர்களின் தமையன்மார் தந்தையிடம் வந்து, நாளைக்கு அவரைத் தங்களுடன் அனுப்பும்படி கேட்கிறார்கள். அவர் உண்டு மகிழ்ந்து விளையாடுவார் என்றும், தாங்கள் அவரைக் காத்துக்கொள்வதாகவும் உறுதி சொல்கிறார்கள் (12:12).

இதற்கு யஃகூப் (அலை) அவர்கள் அளித்த மறுமொழியைக் கவனிக்க வேண்டும். நபியின் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நாளும் பொழுதும் வீணாகும் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. அவரைப் பிரிந்திருப்பது தமக்குத் துயரம் தரும் என்றார்கள். நீங்கள் கவனமற்று இருக்கும் வேளையில் ஓநாய் அவரைத் தின்றுவிடுமோ என அஞ்சுவதாகவும் சொன்னார்கள் (12:13). அவர்கள் அஞ்சியது இரண்டுக்கு: ஒன்று ஓநாய்; மற்றொன்று மூத்தவர்களின் கவனக்குறைவு.

தமையன்மாரின் உள்ளத்தில் வஞ்சகம் இருந்ததே, அவர்கள் சொன்னதை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பொய்த்தது காவலில்தான். விளையாட்டைப் பற்றி அவர்கள் சொன்னதை ஒரு நபி கேட்டிருந்தும் மறுக்கவில்லை. ஆகவேதான் ஆகுமான விளையாட்டுக்கு இதில் இடம் உண்டு என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கம் தந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு அச்சங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் மஹல்லாக்களைப் பார்ப்போம். சிறுவர்கள் தெருவில் விளையாடுவது ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறது. விளையாடும் சில பிள்ளைகளும் விரட்டப்படுகிறார்கள். இது சரிதானா? மார்க்கம் நமக்குக் காட்டும் வழி என்ன?

மதீனத்துத் தெருவில்

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உடன் தோழர்களும் சென்றார்கள். வழியில் ஒரு சந்தில் பேரர் ஹுஸைன் (ரலி) மற்றச் சிறுவர்களுடன் விளையாடிக்கொண்டிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை முந்திச் சென்று இரு கைகளையும் விரித்து நின்றார்கள். சிறுவர் இங்கும் அங்குமாக ஓட, அவரைச் சிரிக்கச் சிரிக்கத் துரத்திப் பிடித்து முத்தமிட்டார்கள். யஃலா இப்னு முர்ரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது.

இதில் நாம் பார்க்க வேண்டியவை சில உண்டு. விளையாட்டு நடந்த இடம் தெரு. உடன் விளையாடியவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். விருந்துக்குப் போகும் அவசரத்திலும், தோழர்கள் பார்த்திருக்கும் நிலையிலும், நாயகம் (ஸல்) அவர்கள் அந்த விளையாட்டில் தாமும் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். "வீட்டுக்குப் போ" என்று விரட்டவில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதளவில் பெருமானாரின் பணிக்கு வந்தவர்கள். ஒரு நாள் அவர்களை ஒரு வேலையாக அனுப்பினார்கள். போகும் வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கத் திரும்பிப் பார்த்தால், நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! செல்லமாகப் பெயரைச் சுருக்கி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்களே ஒழியக் கோபிக்கவில்லை. மற்றொரு நாள் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர் கூட்டத்துக்கு அவர்களே முதலில் ஸலாம் சொன்னார்கள். இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை. பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் கடந்து போகும் நாம் அவர்களுக்கு ஸலாம் சொல்கிறோமா, அல்லது ஏசிவிட்டுப் போகிறோமா?

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சின்னஞ்சிறு பாலகர். அவர் வைத்து விளையாடிய குருவி இறந்துவிட்டது. ஊர்ப் பொறுப்பும் உம்மத்தின் பொறுப்பும் சுமந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் சென்று, அந்தக் குருவியைப் பற்றியே பேசி ஆறுதல் தந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் இந்த ஒரு ஹதீஸிலிருந்து நம் இமாம்கள் எத்தனையோ சட்டங்களை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிவாசலும் பிள்ளைகளும்

நம்மில் பலருக்குப் பிள்ளைகளின் சத்தம் என்றாலே பள்ளிவாசலில் எழும் அதட்டல்தான் நினைவுக்கு வரும். பெருமானார் (ஸல்) அவர்கள் தொழ வைத்துக்கொண்டிருந்தபோது, ஸுஜூதில் பேரர் முதுகில் ஏறிக்கொண்டார். ஸுஜூது நீண்டது. தொழுகை முடிந்தபின் தோழர்கள் காரணம் கேட்க, பிள்ளையின் ஆசை தீருமுன் அவசரப்படுத்த விரும்பவில்லை என்ற பொருள்பட விடை தந்தார்கள் (நஸாயீ).

அபிஸீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது உமர் (ரலி) அவர்கள் தடுக்கக் கல்லை எடுத்தார்கள். விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ளது. இதைக் கொண்டு பள்ளிவாசலை விளையாட்டுத் திடலாக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளிவாசல் தொழுகைக்கும் திக்ருக்கும் உரியது. ஆனால் மஹல்லாவில் பிள்ளைகளுக்கு வேறு இடமே இல்லாமல் செய்துவிட்டு, அவர்கள் பள்ளி வளாகத்தில் ஓடினால் அதட்டுவது நீதியாகாது. அதட்டப்பட்ட பிள்ளை விளையாட்டை மறந்துவிடும். யார் அதட்டினார், எங்கே அதட்டினார் என்பதை மறக்காது.

பெண் மக்களுக்கும் பங்கு உண்டு

ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்துத் தோழியருடன் விளையாடுவார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் உள்ளே வந்ததும் தோழியர் வெட்கி ஒளிந்துகொள்வார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அத்தோழியரை ஆயிஷாவிடம் விளையாடத் திருப்பி அனுப்பி வைப்பார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆஷூரா நோன்பு நோற்ற சின்னஞ்சிறு பிள்ளைகள் பசியால் அழுதால், நோன்பு திறக்கும் வரை கம்பளியில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து வந்ததாக ருபைய்யிஃ பின்த்து முஅவ்வித் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி அறிவிக்கிறார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆண் பிள்ளை தெருவுக்கு ஓடிவிடுகிறான். ஏழு வயதுப் பெண் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்று பார்க்கிறாள். அவளுக்கும் கால்கள் உண்டு. ஓட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பாண்டியும், சொட்டாங்கல்லும், கயிறு தாண்டலும், கண்ணாமூச்சியும் அவளுக்கும் உரியவை. திண்ணையில் உம்மாவோ பெத்தும்மாவோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இமாம் கஸ்ஸாலியின் அறிவுரை

ஹிஜ்ரி 505இல் மறைந்த ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதும் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்கிறார்கள். ஓதிய களைப்பு அதனால் நீங்கும். ஆனால் விளையாட்டிலேயே களைத்துப்போகும்படியும் விடலாகாது. விளையாட்டை முற்றிலும் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே நெருக்கினால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்து தப்பத் தந்திரம் தேடும் என்று எச்சரிக்கிறார்கள்.

இமாமவர்கள் கல்வியின் எதிரி அல்லர். கல்விக்காகவே வாழ்ந்தவர்கள். அத்தகையவர் விளையாட்டைக் கல்வியின் துணையாக வைத்தார்கள். இன்று நம் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். ஸுப்ஹுக்குப் பின் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், மஃரிபுக்குப் பின் மீண்டும் ஓதல் அல்லது வீட்டுப் பாடம். நடுவில் கிடைக்கும் சிறு பொழுதையும் கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டில் அஸர் ஜமாஅத் முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வெயில் தணிந்து, வெளிச்சம் இருக்கும் பொழுது அது. அதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

உடலுக்கும் கண்ணுக்கும்

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஓடிப்பிடித்தலும் சடுகுடுவும் ஆடும் பிள்ளைக்கு இது தானாகவே கிடைத்துவிடும்.

கண்ணைப் பற்றிய செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 6 பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழிக்கச் செய்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் அப்பிள்ளைகளில் 100க்கு 30.4 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் அது 39.5. மருந்தோ செலவோ இல்லை. வானத்தின் வெளிச்சம் மட்டுமே. அல்லாஹ் இலவசமாகத் தந்திருக்கும் வெளிச்சத்தை நாம் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா?

இன்றைய ஓநாய்

விளையாட விட எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையா, தெருவில் வண்டிகள் பறக்கின்றனவே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது நியாயமான அச்சம். யஃகூப் (அலை) அவர்களும் அஞ்சினார்கள். இன்றைய ஓநாய் குறுகிய சந்திலும் விரைந்து வரும் மோட்டார் சைக்கிளாக இருக்கிறது. மூடாத கால்வாயாகவும், தொங்கும் மின்கம்பியாகவும் இருக்கிறது. ஆனால் அந்த ஓநாய்க்கு அஞ்சி நாம் எதைச் செய்தோம் என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 100க்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்கூடம் போய்வந்தனர். 1990இல் அது 9 ஆகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் தொகை குறைந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சாலை பாதுகாப்பாக ஆனதன்று, பிள்ளைகள் சாலையிலிருந்தே அகற்றப்பட்டதுதான் என ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஓநாயைக் கட்டிப்போடாமல் யூஸுஃபைக் கட்டிப்போட்ட கதை அது. நாமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதே நாட்டில் மாற்று வழியையும் கண்டார்கள். 2009இல் பிரிஸ்டல் நகரில் அண்டை வீட்டாரான இரண்டு தாய்மார் கூடிப் பேசி, பள்ளிக்கூடம் விட்டபின் சில மணி நேரம் தங்கள் தெருவில் வாகனம் ஊடே செல்லாமல் நிறுத்தி, பிள்ளைகளை விளையாட விட்டார்கள். தெருவின் இரு முனையிலும் அத்தெருவாசிகளே நின்று காவல் செய்தார்கள். அத்தெருவிலேயே குடியிருப்பவர் வண்டியோடு வந்தால், ஒருவர் முன்னே நடந்து, நடை வேகத்தில் வீடு வரை கொண்டுபோய் விடுவார். விளையாட்டு ஆசிரியரோ, விலை உயர்ந்த சாமானோ இல்லை. அந்த நகராட்சி 2011இல் இதற்கென்றே அனுமதி முறையை ஏற்படுத்தியது. பிறகு பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

வழியின் உரிமை பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தெருவோரங்களில் அமர்வதைத் தவிர்க்க முடியாதவர்கள் அதன் உரிமையை வழங்கட்டும் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவை அந்த உரிமைகள் (புகாரி, முஸ்லிம்). வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் நாம் அறிந்ததே. பிள்ளைகள் ஓடும் இடத்திலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி எறிபவர் தம் ஈமானின் கிளை ஒன்றுக்கு நீர் ஊற்றுகிறார்.

வரம்புகள் எவை?

ஆகும் என்று சொல்லும்போது ஆகாததையும் சொல்ல வேண்டும்.

சூது கூடாது. கோலியோ, பம்பரமோ, புளியங்கொட்டையோ, தோற்றவன் பொருளை வென்றவன் எடுத்துக்கொள்ளும் ஆட்டம் சூதாகிவிடும். சிறுவர்கள் கொட்டைகளை வைத்து ஆடும் பந்தயமும் சூதில் சேரும் என முற்கால இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். கோலியைத் தடுக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் கோலியை அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கப் பழக்கினால் போதும்.

உயிர்களை வதைக்கக் கூடாது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். தட்டானின் வாலில் நூல் கட்டுவதும், ஓணானைக் கல்லால் அடிப்பதும் இவ்வகையே.

பொடிக்கல்லைச் சுண்டி எறிவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்பதே காரணம். உண்டிவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இக்காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

நேரம் தவறக் கூடாது. இரவு கவியும் வேளையில் பிள்ளைகளை உள்ளே நிறுத்திக்கொள்ளும்படி ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் ஏவப்பட்டிருக்கிறது. அதுவரை பிள்ளைகள் வெளியே இருந்தார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. மஃரிப் பாங்கே நம் விளையாட்டின் மணியோசையாக இருக்கட்டும்.

வசவும், பட்டப்பெயரும், எளியவனை ஒதுக்குவதும் கூடாது. உடைந்த கண்ணாடிக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். பிள்ளை செய்த சேதத்துக்கும் ஈடு உண்டு என்பதே ஃபிக்ஹுச் சட்டம். ஆனால் ஒரு கண்ணாடிக்காக ஒரு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் விளையாட்டையும் நிறுத்துவது எந்தச் சட்டத்திலும் இல்லை.

மஹல்லா செய்ய வேண்டியவை

1. ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும். ஜும்ஆ உரையில் கதீபு அவர்கள் ஒரு முறையாவது நினைவூட்டலாம்.

2. வாகனம் குறைவான ஒரு தெருவைத் தேர்ந்து, வாரத்தில் ஒரு நாளேனும் அஸர் முதல் மஃரிப் வரை பிள்ளைகளுக்கென ஒதுக்கலாம். அத்தெருவாசிகள் அனைவரின் சம்மதமும், ஊராட்சி அல்லது நகராட்சி, காவல் நிலையம் ஆகியவற்றின் அனுமதியும் முதலில் பெற வேண்டும். நோயாளியும் முதியவரும் இருக்கும் வீட்டை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. மதரஸா மைதானமோ வேறு காலி இடமோ இருந்தால் உலமாக்களையும் நிர்வாகிகளையும் கலந்து முடிவு செய்யலாம். வக்ஃபு இடமாயின் வாகிஃபின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். மையவாடி விளையாடுமிடமன்று.

4. அஸர் தொழுத பெரியவர்கள் இருவர் முறை வைத்துத் திண்ணையில் அமரட்டும். அவர்கள் விளையாட்டை நடத்த வேண்டாம். கண் பார்வையில் இருந்தால் போதும். எந்த ஆட்டம், யார் முதலில் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிக்கட்டும். விட்டுக்கொடுப்பதையும் வாக்குக் காப்பதையும் அவர்கள் அங்கேதான் பழகுகிறார்கள்.

5. டியூஷன் நேரத்தையும் ஓதும் நேரத்தையும் இந்த ஒன்றரை மணிப் பொழுதில் வைக்காமல் மாற்றிக்கொள்ள உஸ்தாதுகளும் பெற்றோரும் கூடிப் பேசலாம்.

6. தெருவில் வாழும் பிற சமயத்தார் வீட்டுப் பிள்ளைகளும், நடக்க இயலாத பிள்ளையும், ஏழை வீட்டுப் பிள்ளையும் விலக்கப்படாதிருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமை அவர்கள் எல்லாருக்கும் உண்டு.

7. மஹல்லா இளைஞர்கள் சந்துக்குள் வண்டியை மெதுவாக ஓட்டட்டும். இது பிள்ளைகளுக்குச் செய்யும் தருமம்.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. இவ்வுரிமையை எடுத்துச் சொல்ல உலகுக்கு உடன்படிக்கை தேவைப்பட்டது. நமக்கோ சந்தில் கைகளை விரித்து நின்ற நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரி முன்பே இருக்கிறது.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! பிள்ளைப் பருவம் சில ஆண்டுகளே. தாடி முளைத்தபின் பச்சைக்குதிரை தாண்ட எவரும் வரமாட்டார். பிள்ளைகளைப் பற்றி நாம் விசாரிக்கப்படும் நாளில், அவர்களுக்கு உணவு தந்தோம், உடை தந்தோம், கல்வி தந்தோம் என்று சொல்வதோடு, அவர்களின் பொழுதைப் பறிக்கவில்லை என்றும் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஓநாயையும் நம் கவனக்குறைவையும் அகற்றுவது நம் வேலை. விளையாடுவது அவர்கள் வேலை.

வல்ல அல்லாஹ் நம் மக்களை உடல் நலமும், உள்ள நலமும், ஈமானும் உள்ளவர்களாக வளர்த்தெடுக்க நமக்கு நல்லுதவி புரிவானாக! ஆமீன்.